சாப்பாட்டு டப்பாவில் வந்த பித்தளைத் தகடு

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, அருப்புக்கோட்டை வீட்டில் தேவிபிரியா கணவனின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

“நேத்தே கழுவப் போட்டா என்ன? தயிர்சாதம் நாறுது. இது என்ன, ஊறுகாய்க்குப் பதிலா?”

அவள் நீட்டியது விரல் நீளப் பித்தளைத் தகடு. அதில் இரண்டு ஓட்டைகள். பிரவின்குமார் அதை வாங்கினான்.

பரளச்சிக்கு அருகே ஒரு சோலார் மின் நிலையத்தில் அவன் சோதனைப் பணியாளன். முப்பத்துமூவாயிரம் வோல்ட்டை நூற்றுப்பத்தாகக் குறைத்து மீட்டருக்கு அனுப்பும் மின்மாற்றி ஒன்று அங்கே உண்டு. அதன் குறைந்த அழுத்தப் பக்கத்துக் கம்பியை மண்ணோடு பிணைத்து ‘எர்த்’ செய்வது இந்தத் தகடு. இது இல்லையென்றால், உயர் அழுத்தப் பக்கத்து மின்னழுத்தம் குறைந்த பக்கத்திலும் ஏறி நிற்கக்கூடும். எவ்வளவு என்று எவராலும் சொல்ல இயலாது. தொடுபவரோ நூற்றுப்பத்து என்றே நம்பித் தொடுவார்.

ஞாயிறன்று மின்சாரத்தை நிறுத்திச் சோதித்தபோது அதைக் கழற்றினான். சல்லிக்கல்லில் விழுந்து தொலையாதிருக்க டப்பாவில் பத்திரப்படுத்தினான். மடையை அடைக்கும் கல் களவு போகாமலிருக்க அதைத் தலைக்கு வைத்து உறங்கினானாம் ஒரு கண்மாய்க் காவல்காரன். விடிந்தபோது கல் இருந்தது, தண்ணீர் இல்லை.

இன்று பத்து மணிக்கே லைனில் மின்சாரம் வந்திருக்கும். அவன் கட்டுப்பாட்டு அறையை அழைத்தான். அங்கே பணியிலிருந்த சதீஸ்குமார் எடுத்தான்.

“சதீஸு, சுகந்தி மேடம் எங்க?”

“மீட்டர் பாக்க யார்டுக்குள்ள போயிட்டாக. லீவு போட்டவனுக்கு என்னலே அக்கறை?”

“மீட்டருக்குப் போற அந்தப் பெட்டியில எர்த்து இல்ல. தகடு என் கையில இருக்கு. ஓடுலே. அவுக கைய வைக்கிறதுக்குள்ள நிறுத்து.”

போனை மேசையில் போட்ட சத்தம். ஓடும் பூட்ஸ் ஒலி. பிறகு அந்த அறையின் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது.

“யாருக்கு என்னங்க?” என்றாள் தேவிபிரியா. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

நெடுநேரம் கழித்து உதவிப் பொறியாளர் சுகந்தியின் குரல் கேட்டது.

“மூடியத் திறந்துட்டேன், பிரவின். சதீஸ் கத்தும்போது கைக்கும் கம்பிக்கும் ஒரு சாண்தான் இருந்துச்சு.”

“மேடம்...”

“டெஸ்டர் வச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. ‘எர்த் இணைப்பு சரி’ன்னு நேத்து ரிப்போர்ட்ல நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்க. அதை நம்பித்தான் போனேன்.”

அவனுக்கு நினைவு வந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, தகட்டைக் கழற்றுவதற்கு முன்பே ரிப்போர்ட்டின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தான்.

“லைன நிறுத்தச் சொல்லிட்டேன். தகட்ட எடுத்துட்டு வாங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.”

“கழுவித் தரட்டுமா?” என்று தேவிபிரியா கை நீட்டினாள். அவனுடைய விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் இரண்டு ஓட்டைகளும் பதிந்திருந்தன.