வெட்டாமல் விட்ட பதினான்கு விநாடி

மெட்டில்டாவின் மூக்கின் மேல் சுழன்றுகொண்டிருந்த ரோஜாவை எப்படியாவது அகற்றிவிடப் பார்த்தார் சத்தியநாதன். கணினித் திரையில் அது அசையாமல் சுழன்றது. அதாவது, சுழல்வதை நிறுத்தவில்லை, இடத்தையும் விடவில்லை. கூடத்தில், கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள், அவர் மனைவி மெட்டில்டா படுத்திருந்தாள். மூன்று மணிக்கு ஜெபம். அதற்கு முன் அவளுடைய வீடியோவைப் போட்டுக் காட்டுவதாக பாஸ்டரிடம் அவரே சொல்லியிருந்தார்.

“போக மாட்டேங்குதா டாடி?” என்றாள் பின்னால் நின்ற மகள் ஜோவிதா.

“போகாதும்மா. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு.”

இரண்டாயிரத்து மூன்றில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு கேமரா வாங்கியவர் அவர். கிழக்குத் தாம்பரத்தின் ஒரே கதாநாயகி மெட்டில்டா. அவளோ பீன்ஸ் நறுக்குவாள், துணி மடிப்பாள், பால்காரருக்குக் காத்திருப்பாள். பார்த்தால் சுவர்க் கடிகாரமே கொட்டாவி விடும். ஆகவே கிராஃபிக்ஸ். பீன்ஸுக்குப் பதினேழு ராக்கெட். மடித்த புடவைக்கு மேலே, விமானப்படைத் தளமே பதறும் எண்ணிக்கையில் புறாக்கள். அவள் பெயர் எழுத்தெழுத்தாகக் குட்டிக்கரணம் போட்டு வந்து நெற்றியில் உட்காரும். எல்லாவற்றையும் கணினி ஒரே படமாக்கி முடிப்பதற்குள் மின்சார ரயில் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போயிருக்கும். முடிந்ததும் அதே டேப்பின் மேலேயே அடுத்ததை எடுப்பார். நான்கு வருடம், இரண்டே டேப். அந்தச் சாமர்த்தியத்தை ஆவடி வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

“என் மூஞ்சி அவ்ளோ போரடிக்குதாங்க?” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“பாக்கிறவங்க தூங்கிடக் கூடாதில்ல.”

“தூங்கட்டுமே. நான் என்ன பரீட்சையா நடத்துறேன்?”

காலை ஆறிலிருந்து அறுபத்திரண்டு படங்களைத் திறந்து மூடியாயிற்று. வெறும் மெட்டில்டா எதிலும் இல்லை. ஒன்றில் கண்கள் தப்பியிருந்தன, வாயில் பட்டாம்பூச்சி.

“ரோஜாவோடயே போடலாம் டாடி. எல்லாரும் பாத்ததுதானே.”

“ஒரே ஒரு தடவை அவளை அப்படியே பாக்கணும் ஜோவி.”

ஜோவிதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் கையிலிருந்து மௌஸை வாங்கினாள்.

இரண்டேகாலுக்கு, துணி மடிக்கும் படமொன்றின் கடைசியில், புறாக்கள் பறந்தோய்ந்து ‘நன்றி வணக்கம்’ உருண்டு போனது. சத்தியநாதன் எப்போதும் அந்த இடத்தில் வெட்டிவிடுவார். அன்றைக்கு மறந்திருக்கிறார்.

“ஆஃப் பண்ணிட்டீங்களா?” என்றாள் திரையில் மெட்டில்டா.

“ம்,” என்றது அவருடைய குரல்.

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, கேமராவுக்குச் சற்றுத் தள்ளி, அவர் இருந்த பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினான்கு விநாடி. திரை கறுத்தது.

அவ்வளவு நேரமும் லென்ஸ் மூடியைத் தேடி அவர் மேஜைமேல் சாமான்களை உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லையா டாடி?”

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு காலி சி.டி.யை எடுத்தார்.

அந்தத் துண்டை மட்டும் அதில் ஏற்றிக் கூடத்து டி.வி.யில் போட்டார். ராக்கெட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது.

“எஃபெக்ட் இன்னும் வரலையா மச்சான்?” என்றார் மெட்டில்டாவின் அண்ணன்.

“இல்ல மச்சான். இவ்ளோதான்.”

மறுபடியும் போட்டார். பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

மூன்றாம் முறை அவள் நிமிர்ந்தபோது, பின்வரிசையில் யாரோ எழுந்துபோய், இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை அணைத்தார்கள்.