ஆடுகிற ஸ்டூல்

என் மகள் விருப்பப் பாடமாக மரவேலையை எடுத்திருக்கிறாள் என்று தெரிந்த அன்று நான் போட்ட சத்தத்தில், என் பார்லரில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் பாதியிலேயே எழுந்து போகப் பார்த்தார். ஒருவர் தலையில் சாயம் பூசிக்கொண்டே போனில் கத்துவது நல்ல பழக்கமில்லைதான். ஆனால் என் நிலைமையில் யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள்.

கணக்கில் மார்க் குறைவாக வாங்குகிறாள் என்றால்கூட மனசைத் தேற்றிக்கொள்வேன். இவள் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வருகிறாள். பெயர், வகுப்பு, தேதி எல்லாம் முத்துமுத்தான கையெழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ஒரு பொட்டு மை இருக்காது. அடுத்த பரீட்சையிலும் இப்படியே என்றால் இன்னொரு வருஷம் இதே வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்று கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, கூடுதல் கணக்கு வகுப்பை விட்டுவிட்டு இந்த மகாராணி ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

“அந்தப் பரீட்சை வரைக்கும்தான் உனக்கு டயம். அதுலயும் வெள்ளைப் பேப்பர் குடுத்தே, ரம்பமும் கிடையாது, சுத்தியலும் கிடையாது” என்று ராத்திரி வீட்டுக்கு வந்து கறாராகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். எதற்கெடுத்தாலும் தலையாட்டுவதில் அப்படியே அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம், தான் செய்த ஸ்டூலை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தாள். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. காபியோடு போய் உட்கார்ந்தேன். டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. காபி மடியில்.

“இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று என் வீட்டுக்காரர் கருவிப் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தார். பஸ் ஓட்டுகிறவருக்கு உலகத்தில் எல்லாமே சுலபம். ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தார். இப்போது வேறு பக்கம் ஆடியது. அந்தப் பக்கத்துக் காலை அறுத்தார். மறுபடியும் பழைய பக்கம்.

“போதும், நிறுத்துங்க! முடின்னா திரும்ப வளரும், கட்டை வளருமா?” சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மகளைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. சின்னதாக ஏதாவது தப்பாகப் போனாலே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிற பெண் அவள்.

அவளோ அப்பாவின் கையிலிருந்து ரம்பத்தைப் பிடுங்கினாள். “எது தப்புன்னே தெரியாம வெட்டிக்கிட்டே போனா எப்படிப்பா? தள்ளுங்க.”

முதலில் சாப்பாட்டு மேஜை மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஸ்டூலை அதன்மேல் ஏற்றி, உட்காரும் பலகையில் ரசமட்டத்தை வைத்து, அதிலிருக்கும் குமிழி நடுவுக்கு வரும்வரை கால்களுக்குக் கீழே அட்டையை மடித்து மடித்துச் செருகினாள். ஒரு சின்னக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையை மேஜையில் நகர்த்தியபடியே நான்கு கால்களிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டாள். அந்தக் கோட்டில் மட்டும் அறுத்தாள். நான் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தேன். அசையவில்லை. என்ன, முழங்கால்தான் முகவாய்க்கு வந்தது.

“ஆடுச்சுன்னதும் நீ அழுவேன்னு நினைச்சேன்டி.”

“கிளாஸ்ல இதுக்கு முன்னாடி செஞ்சது நடுவுல பிளந்தே போச்சும்மா. செஞ்சு வெச்சாத்தானே எங்க கோணல்னு பார்க்க முடியும்?”

“அப்ப கணக்குல மட்டும் ஏன் எதையும் செஞ்சு வெக்க மாட்டேங்கறே?” கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

அவள் மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தாள். “தப்பாப் போட்டா சிரிப்பாங்க.”

“இப்ப நான் சிரிக்கலையா?”

“சிரிச்சே. ஆனா அது அப்பாவைப் பார்த்து.”

“உன் ஸ்டூலைப் பார்த்தும்தான்.”

அவள் ரம்பத்தைத் துடைத்து வைத்தாள். நான் துடைப்பத்தை எடுத்து வந்து மரத்தூளைப் பெருக்கினேன்.

பரீட்சைத் தாள் கைக்கு வந்த அன்று நேரே பார்லருக்கே கொண்டுவந்து நீட்டினாள். பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடித்தல். ஒரு கணக்கை மூன்று தடவை போட்டு இரண்டை அடித்திருந்தாள். இன்னொன்றில் பாதி வழியில் அம்புக்குறி போட்டு, ‘இங்கேதான் தப்பு’ என்று தனக்குத்தானே எழுதியிருந்தாள். முத்துமுத்தான கையெழுத்து போன இடம் தெரியவில்லை. மயிரிழையில் தேறியிருந்தாள். கடைசியில் டீச்சர் சிவப்பு மையில், ‘அடித்தல் திருத்தல் மிக அதிகம்’ என்று எழுதியிருந்தார்.

அவர் குறையாக எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த வருஷத்தில் என் பெண்ணின் கணக்குத் தாளில் திருத்துவதற்கு ஏதாவது இருந்தது இதுதான் முதல் தடவை.

“அம்மா, இந்த ஒண்ணு மட்டும் எங்க கோணிப் போச்சுன்னு தெரியல. உட்கார்ந்து பார்க்கணும்” என்றாள்.

கண்ணாடிக்கு முன்னால் கிடந்த சீப்பு, கத்தரியை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஈரத்தலையோடு காத்திருந்தவரை அடுத்த நாற்காலிக்கு மாறி உட்காரச் சொன்னேன்.