வெள்ளைக் காரின் பின்கதவு

காரின் டிக்கியை மூடும் பின்கதவு திறக்கவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் குத்திக் கிளறிக் கெடுத்துவிட்டுத்தான் என் பட்டறைக்கு வருவார்கள். ஃபைருஸும் அப்படித்தான் வந்தான். சாயங்கால அசர் தொழுகை முடிந்த நேரம். எங்கள் தைப்பிங் ஊர் மழை வழக்கம்போல விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சமையல் கத்தியால் நெம்பிப் பெயின்டை உரித்து வைத்திருந்தான். வாங்குவாங்கென்று வாங்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் சொன்னதைக் கேட்டதும் மூடிக்கொண்டேன்.

அன்று விடியற்காலையில் அவன் மனைவி சுஹைலாவுக்குப் பெண் பிறந்திருந்தது. தலைப்பிள்ளை. ஆஸ்பத்திரியில் நஞ்சுக்கொடியை ஒரு பையில் போட்டு, அவள் பெயரும் வார்டு எண்ணும் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதை உப்பும் புளியும் போட்டுக் கழுவி, பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் புதைப்பது தகப்பன் வேலை. எங்கள் ஆட்களில் எவனும் இதை அடுத்தவனிடம் விடமாட்டான். அது பிள்ளையோடு கூடப் பிறந்தது. அதைப் புதைத்த மண்ணில்தான் பிள்ளையின் மனசு ஒட்டும். இவன் காரின் பின்கதவைத் திறந்து பையை உள்ளே வைத்துவிட்டு மறுபடி வார்டுக்கு ஓடியிருக்கிறான். மதியம் வீட்டுக்குப் போய்த் திறந்தால் கதவு அசையவில்லை. அதற்குள் சுஹைலா மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாள். மூன்றாவது தடவை, புதைத்தாயிற்று என்று சொல்லிவிட்டானாம்.

"பொய்யா சொன்னே?" என்றேன்.

"வேற என்னக்கா செய்யச் சொல்றீங்க? தையல் போட்டுப் படுத்திருக்கா. அழுவுறா."

பின்சீட்டை மடக்கிக் கையை விட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அது நடக்கவில்லை. கார் அவன் அண்ணனுடையது. அண்ணன் பாட்டுப் பைத்தியம். சீட்டுக்குப் பின்னால் குறுக்கே பிளைவுட் பலகை அடித்து, அதில் வாணலி அகலத்துக்கு நான்கு ஸ்பீக்கர் பதித்திருந்தான். காரில் உட்கார இடம் இருக்கிறதோ இல்லையோ, இந்த ஆண்களுக்குச் சத்தம் வேண்டும்.

ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் ரப்பர் பட்டனை அவனை அமுக்கச் சொல்லிவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மோட்டார் இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. மின்சாரமே பூட்டுவரை போகவில்லை. இனி பலகையைக் கழற்றி உள்ளே போய்த்தான் நெம்ப வேண்டும். பதினான்கு திருகாணிகள். மூன்று துருப்பிடித்துத் தலை தேய்ந்துபோயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் "ஆச்சாக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் நின்றான். போய் டீ குடி என்று விரட்டினேன். போகவில்லை.

பலகையை இழுத்து வெளியே வைத்துவிட்டு டார்ச் அடித்தேன். ஒரு கிழிந்த குடை இருந்தது. காலி அட்டைப்பெட்டி ஒன்று. பை இல்லை.

அவன் என்னைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டான். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து உதறினான். யாரோ சூனியம் வைக்கத் திருடிவிட்டார்கள் என்றான். அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று யார் சொல்ல முடியும்? கை சும்மா இருக்க மறுத்ததால், கதவின் உள்பக்கத்துச் சின்ன ஓட்டையில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்புகோலைத் தள்ளினேன். நாலைந்து முறை முரண்டு பிடித்துவிட்டுக் கதவு திறந்தது.

பூட்டின் வாயைப் பார்த்தேன். எறும்புகள் மண்ணை அப்பிக் கூடு கட்டி, உள்ளே முட்டை முட்டையாக வைத்திருந்தன. மேலே கதவுக்குப் போகும் வயர் அறுந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது. இது இன்று காலையில் கெட்ட பூட்டு இல்லை.

"தம்பி, இந்தக் கதவு திறந்து ஆறு மாசத்துக்கு மேல இருக்கும். காலையில நீ திறந்தது எந்தக் காரு?"

"அண்ணன் காருதான்... வெள்ளை..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவற்றில் பாதி இதே சின்னக் கார், இதே வெள்ளை. என்னுடையதும் அதுதான். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

போன் அடித்தது. சுஹைலா. அவன் எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது.

"எந்த இடத்துல புதைச்சீங்க?" என்று கேட்டாள்.

"வாசல்ல."

"வார்டுக்கு ஒருத்தர் போன் பண்ணினாரு. நம்ம பை அவர் கார்ல இருந்துச்சாம். அவர் புதைச்சுட்டாராம்." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நர்ஸிடம் கேட்டுச் சுஹைலா சொன்ன முகவரி பக்கத்து ஊரான கமுந்திங்கில். நான்தான் ஓட்டினேன். வழி முழுக்க அவன் கொதித்துக்கொண்டு வந்தான். என் பிள்ளையுடையதைத் தொட அவன் யார், தோண்டி எடுக்காமல் திரும்பமாட்டேன் என்றான். நானும் தோண்டத்தான் வேண்டும் என்றேன். பொய் சொல்லவில்லை, எனக்கும் ஆத்திரம்தான்.

வாசலில் புதிதாகக் கிளறிய மண்மேல், எங்கள் வழக்கப்படி, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துப் படியில் ஒரு பெண், முகம் வெளிறி, வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் நஸ்மி எழுந்து வந்தான். ஃபைருஸ் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"மன்னிச்சுக்குங்க. காலையில கார் பூட்டாமலே இருந்திருக்கு. ஆஸ்பத்திரியில எங்க பிள்ளையைத் துணியில சுத்தி வாங்கிட்டு வந்தோம். பிறக்கும்போதே உசுரு இல்ல. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணினோம். வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு வாங்கின துணி மூட்டையை எடுக்கலாம்னு பின்கதவைத் திறந்தேன். பக்கத்துல உங்க பை. வார்டுக்கு அடிச்சேன், புதைச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் எடுக்கல. பொழுது போயிட்டிருந்துச்சு. அப்படியே கிடக்க விட மனசு வரல."

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபைருஸ் போனை எடுத்து, வாசலில் புதைத்தேன் என்றது பொய் என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சுஹைலாவிடம் சொன்னான். அவள் முழுதும் கேட்டாள். பிறகு, தோண்ட வேண்டாம் என்றாள். போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னாள்.

நஸ்மியின் மனைவி வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில்தான் பேசினாள்.

"பிள்ளை நடக்கப் பழகினதும் கூட்டிட்டு வாங்க. அவளோடது இங்க இருக்குல்ல."

ஃபைருஸ் விளக்குக்கு எதிரே குந்தி உட்கார்ந்து அழுதான். பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.