உசிலம்பட்டிக் கோடி

பாடைக்கு மூங்கில் கட்டி முடித்த காளை, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு அண்ணன் பெண்டாட்டியின் முன்னால் வந்து நின்றான்.

“மதினி, பொழுது சாயுது. தூக்கிறலாமா?”

“எங்கண்ணே கோடி கொண்டு வரட்டும்,” என்றாள் அன்னக்கொடி. பெஞ்சில் அவள் புருஷன், வக்கீல் வீட்டு டிரைவர் தவசி கிடந்தான். முந்தின நாள் காரைத் துடைத்து நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

காளை தெருமுனையைப் பார்த்தான். காலையிலேயே உசிலம்பட்டிக்கு பஸ்ஸில் ஆள் போயாயிற்று. ஆனால் அவள் அண்ணன் நல்லகாமனிடம் இருப்பது மாட்டுவண்டி. வந்து சேர ராத்திரியாகிவிடும். விளக்கு வைப்பதற்குள் எடுத்தாக வேண்டும். தாலியறுத்த அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணி வராத பொம்பளையை ஊர் சாகிறவரை நாதியத்தவள் என்றுதான் பேசும். பஸ்ஸில் வரலாமே என்றால், அந்த மனுஷன் மோட்டாரில் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்தவன்.

எல்லாம் திருமலை நாயக்கர் மகாலில் ஆரம்பித்த வினை. அங்கேதான் கோர்ட்டு. வரப்புத் தகராறுக்கு வந்த நல்லகாமன் அந்தப் பெரிய தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, வக்கீல் ராஜாராமய்யரின் கார் வந்து நின்றது. தவசி காக்கிச் சட்டையோடு இறங்கி ஓடி ஐயருக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

“கதவு தொறந்து விடுறவனுக்கா எந்தங்கச்சியக் குடுத்தேன்? இனி மோட்டார்ல கால் வச்சேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல.”

அவன் பார்த்தது கதவைத்தான். கீழவாசல் நெரிசலில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காமல் தவசி அந்தக் காரைக் கொண்டு வருவதை அன்னக்கொடி பார்த்திருக்கிறாள். பார்த்த போதெல்லாம் அவளுக்குப் பெருமை பிடிபடாது.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. உசிலம்பட்டி பஸ். ஸ்டாண்டுக்குப் போகாமல் டிரைவர் நேரே இங்கே கொண்டு வந்துவிட்டான். சக டிரைவர் தவசிக்காகச் செய்த மரியாதை.

நல்லகாமன் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். தலையெல்லாம் புழுதி. வழியில் வாந்தி எடுத்திருப்பான் போல, முகம் வெளுத்துக் கிடந்தது. கக்கத்தில் கோடித் துணி. தவசியின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கோடியைத் தங்கச்சியின் தோளில் போர்த்தினான்.

“உசுரு கையில இல்ல தாயி. இந்தச் சனியனையா மாப்ள தெனமும் ஓட்டுனாரு?” என்று மெல்லக் கேட்டான்.

தெருவுக்கே கேட்கும்படி அவள் சொன்னாள்.

“இது என்னா வேகம். அவரு ஓட்டியிருந்தா நீங்க மத்தியானமே வந்திருப்பீங்கண்ணே.”

நல்லகாமன் துண்டை இடுப்பில் கட்டினான். காளையை விலகச் சொல்லிவிட்டு, பாடையின் முன்கொம்பைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான்.