பொங்-சுவின் நுரையீரலில் ஒரு பிறை

தென் கொரியாவின் பூசான் மீன் சந்தையில் ஏலம் கூவும் மா பொங்-சு, டாக்டரின் கணினித் திரையைப் பார்த்ததுமே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். போன மாதம் எடுத்த சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு வெள்ளை உருண்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் மூட்டம். பூஞ்சைத் தொற்று என்றார்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தில் வெள்ளையணுக்கள் அற்றுப் போன உடம்பு. பூஞ்சைக்குக் கேட்பானேன், கொண்டாட்டம்தான். இன்றைய படத்தில் உருண்டை பெருத்திருந்தது. போதாக்குறைக்கு அதற்குள் பிறை வடிவில் ஒரு கறுப்பு ஓட்டை.

பூஞ்சை அடங்கினால்தான் தம்பி பொங்-கில்லின் எலும்பு மஜ்ஜையை அவருக்கு ஏற்றுவார்கள். இல்லையென்றால் அத்தோடு சரி.

டாக்டர் பியோ வாயைத் திறப்பதற்குள் பொங்-சு முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, தப்பு என் மேலதான். செவ்வாக்கிழமை இவ சாப்பாட்டு டப்பாவுலேருந்து ஒரு துண்டு கிம்ச்சி திருடித் தின்னுட்டேன்."

பச்சைக் காய்கறி, புளிக்க வைத்த பண்டம் எதையும் தொடக் கூடாது என்று வார்டில் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கும்-ரே துள்ளி எழுந்தாள்.

"ஒரு துண்டா? பாதி டப்பா காலி! நானே தின்னுட்டு மறந்துட்டேனோன்னு முழிச்சேன். அந்த நாக்கை இழுத்து வச்சு அறுக்கணும்!"

"அறுத்துக்கோ. நுரையீரலே அழுகிப் போச்சு, நாக்கை வச்சு என்ன பண்ண? காலமெல்லாம் மீன் செவுளைப் பாத்தவன் நான். கறுத்தா அழுகல்தான்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஐயா, மீனை நீங்க பாருங்க, ஸ்கேனை நான் பாக்கறேன். உங்க வெள்ளையணு திரும்பி வந்தாச்சு, காலைல எடுத்த ரத்தமும் அதைத்தான் சொல்லுது. அதுங்க வந்து செத்த சதையை நல்ல சதையிலேருந்து பிரிச்சு விடுது. அந்த இடுக்குல காத்து நிக்குது, அதான் கறுப்பு. சுத்தியிருந்த மூட்டமும் கலைஞ்சிருக்கு பாருங்க. புண்ணு ஆறுற இந்தச் சமயத்துல உருண்டை கொஞ்சம் பெருத்துத்தான் காட்டும்."

"அப்ப கிம்ச்சி?"

"அது தனிக் குத்தம். இன்னொரு தடவை தொட்டீங்க, நானே அந்த டப்பாவைப் பூட்டி வச்சுக்குவேன். பூஞ்சை மருந்தை விடக் கூடாது. சளியில ரத்தம் பட்டா அந்த நிமிஷமே கூப்பிடணும். தம்பியை வரச் சொல்லுங்க. குறிச்ச தேதியிலயே மஜ்ஜை ஏத்திடலாம்."

கும்-ரே போனை எடுத்து கொழுந்தனை அழைத்தாள். "தம்பி..." என்றாள். புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட அழாதவள், இப்போது தேம்பினாள். பொங்-சு போனைப் பிடுங்கினார்.

"டேய் பொங்-கில், வாடா. நான் பொழைச்சுக்குவேன் போலிருக்குடா."

பதிலுக்கு, கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கிளம்பிட்டேண்ணே."