குடைக்காரர் வீட்டுச் சுவர்கள்

குடை ரிப்பேர் செய்கிறவரின் வீடு வருடத்துக்கு ஒரு முழம் சுருங்கியது. விரிசல் இல்லை, கூரை சரியவில்லை. நாலு சுவரும் சத்தமில்லாமல் உள்ளே நகர்ந்து வந்தன, அவ்வளவுதான்.

ஆரம்பித்தது மார்க்கெட்டில். கம்பி வாங்கப் போன இடத்தில், கூட்டத்துக்கு நடுவே நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, கால் துவண்டது. செத்தோம் என்று நினைத்தார். சாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மார்க்கெட் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு தெருமுனை ஆகாமல் போயிற்று, அப்புறம் வாசல்படி. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். இதயம் நன்றாக இருக்கிறது, இது பயத்தின் வேலை என்று சொல்லி அதற்கொரு பெயரும் சொன்னார். பெயர் தெரிந்ததற்காகச் சுவர் நின்றுவிடவில்லை.

வீட்டார் அன்பாகத்தான் இருந்தார்கள். கெடுத்ததே அதுதான். மனைவி பஸ் கண்டக்டர், ஊரையே விசிலடித்து நகர்த்துகிறவள். வேலை முடிந்து வரும்போதே அரிசி, நூல், மாத்திரை எல்லாம் வாங்கிவந்தாள். அவள் அண்ணன் குடைக்கம்பி கொண்டுவந்து போட்டார். முடிவெட்டுகிறவர்கூட வீடு தேடி வந்தார். ஒவ்வொரு பை உள்ளே வந்ததும் சுவர் ஒரு மயிரிழை நெருங்கியது.

“மாப்ள, இப்படியே போனா உங்களையும் குடையோட சேத்து மடக்கி ஆணியில மாட்டிறலாம்” என்றார் மச்சான். சிரித்தார்கள். பீரோவை விற்றார்கள். ஒரு கட்டிலை விற்றார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு காலை மனைவியால் எழுந்திருக்க முடியவில்லை. அவருக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக் கிடந்தாள். எப்படியோ உருவிக்கொண்டு எழுந்து பெட்டியைக் கட்டினாள்.

“இங்க இனிமே ரெண்டு பேருக்கு இடமில்ல. அண்ணன் வீட்டுக்குப் போறேன்.”

“என்னை விட்டுட்டா?”

“விட்டுட்டுப் போறவ வாசல்ல நின்னு பேசிட்டிருப்பாளா? தினமும் வருவேன். ஆனா ஒண்ணும் வாங்கிட்டு வரமாட்டேன். கூட நடக்குறதுன்னா நடங்க.”

மறுநாள் படியில் கால் வைத்தார், உடனே திரும்பி உள்ளே ஓடினார். சுவர் பாய்ந்து வந்து அலமாரியை நொறுக்கியது. அடுத்த நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓடாதீங்க. அது வரட்டும். வந்து களைச்சுப் போகட்டும்.”

நின்றார். பயம் தலைக்கேறியது, நெஞ்சை மிதித்தது, வேறு செய்ய ஒன்றுமில்லாமல் மெல்ல இறங்கியது. முதுகுக்குப் பின்னால் சுவர் முனகிக்கொண்டே ஒரு விரற்கடை பின்வாங்கியது.

அப்படியே விளக்குக்கம்பம், தெருமுனை, பஸ் ஸ்டாப் என்று வருடங்கள் போயின. சில நாள் பாதியில் திரும்பி ஓடிவந்தார். அன்றைக்கு வீடும் இறுகியது. பயம் விட்டுப் போகவில்லை, கூடவே நடந்தது. இன்னொரு கட்டில் போட இடம் விழுந்த அன்று மனைவி பெட்டியோடு திரும்பி வந்தாள்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் சுவரை அளக்க டேப்பை விரிக்கும் முன்னால் கேட்டார்: “அண்ணன் இன்னிக்கு எதுவரைக்கும் போயிருக்காரு?”

“மார்க்கெட்டுக்கு” என்றாள் மனைவி. “பெயிண்ட் ரெண்டு டப்பா கூடுதலாவே எடுத்துட்டு வாங்க.”