பஞ்சம்மாள் நிழலின் பேறுகாலம்

2008ஆம் ஆண்டு புரட்டாசியில் பஞ்சம்மாளுடைய நிழலுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. பஞ்சம்மாளின் வயிறு எப்போதும்போல் ஒட்டித்தான் இருந்தது. 1974இல் பிறந்தவளுக்கு இருபத்தாறு வயதில் வயிற்றில் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்; அத்தோடு பெண் கேட்டு வருவதும் நின்றது. உத்தரகோசமங்கைப் பக்கம் மூன்று ஏக்கர் மிளகாயைத் தனியாகப் பார்த்துக்கொண்டு, எட்டு வருடம் அடுத்தவர் பிள்ளைகளை வெறித்துப் பார்த்தாள். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

மதுரை டாக்டரம்மா விஷயத்தை உடைத்துச் சொன்னார். கருமுட்டை இருக்கிறது, விந்து வங்கியில் வாங்கிக்கொள்ளலாம், சுமக்கத்தான் ஒருத்தி வேண்டும். வாடகைத்தாய்க்குச் சட்டம் இன்னும் வரவில்லை, விதிமுறைதான். பிள்ளை அவள் முட்டையில் உண்டானது என்று டி.என்.ஏ. சோதனை சொன்னால் தாய் என்று அவள் பெயர் ஏறும். இல்லையென்றால் தத்து கேட்டு நிற்க வேண்டும். புருஷன் இல்லாதவளுக்கு அது லேசில் கிடைக்காது. சுமக்க முன்வந்தவள் சித்தி மகள் மீனம்மாள், பாம்பனில் வாக்கப்பட்டு இரண்டு பிள்ளை பெற்றவள்.

அங்கே மீனம்மாள் வயிறு வளர வளர, இங்கே நிழலின் வயிறும் வளர்ந்தது. ஊர் அதை இரண்டு நாள் பேசியது. மழை விழுந்ததும் மிளகாய் விதைக்கப் போய்விட்டது. பஸ்ஸில் நிழலைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார்கள். பஞ்சம்மாளுக்கு அது போதவில்லை. வாரம் ஒருமுறை பாம்பன் போய், மீனம்மாள் வாந்தி எடுப்பதைக்கூடப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னா இதையும் நீயே எடுத்துக்கக்கா" என்றாள் மீனம்மாள். பிள்ளை முதலில் உதைத்த அன்று தொட்டுப் பார்க்கக் கூப்பிட்டாள். பஞ்சம்மாள் தொடாமலே பஸ் ஏறிவிட்டாள்.

ஏழாம் மாதம் பாம்பனில் வளைகாப்பு. கல்யாணம் ஆகாதவள் வளையல் போடக் கூடாது என்று பஞ்சம்மாளை ஓரமாக உட்காரவைத்தார்கள். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பியதைப் பார்த்த ஊர்ப் பெண்கள், நிழலுக்குத் தனியாக ஒரு வளைகாப்பு வைத்தார்கள். உச்சி வெயிலில் நிழலின் கை தரையில் சரியாக விழாது என்பதால் சாயங்காலம் நாலு மணிக்கு. நிழல் நகர்வதற்குள் தரையில் வளையல்களை அடுக்கி முடிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஐந்து வகைச் சோறும் ஆறிப்போனது. "இடுப்பு வலி எனக்கு, வளையலு அக்காவுக்கா?" என்று கேட்ட மீனம்மாள் ஒரு மாதம் பஞ்சம்மாளோடு பேசவில்லை.

பங்குனியில் பெண் பிறந்தது. சோதனை முடிவு வரும்வரை மீனம்மாள்தான் பால் கொடுத்தாள். இருபதாம் நாள் முடிவு வந்தது: பிள்ளை பஞ்சம்மாளுடையது. அன்றைக்கே காகிதத்தையும் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் அவள் கிளம்பிவிட்டாள். ஆனால் நிழல் மட்டும் இன்னும் பெறவில்லை. தோளில் பிள்ளை கிடக்க, தரையில் அதே வயிறு விழுந்தது. புட்டிப்பாலைப் பிள்ளை தொடவில்லை. மூன்றாம் நாள் அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்ததும், பஞ்சம்மாள் பாம்பனுக்கு ஓடினாள்.

மீனம்மாள் பிள்ளையை வாங்கி மாரில் வைத்தாள். வாசல் வெயிலில் பஞ்சம்மாள் உட்கார்ந்து பார்த்தாள்.

"எரியுதுடி மீனா, ஒன்னயப் பாக்கப் பாக்க."

"எனக்கு மட்டும் குளுந்தா கெடக்கு? தாயின்னு ஒம் பேருல்ல ஏறியிருக்கு."

தரையில் நிழலின் வயிறு மெல்ல வடிந்தது. இருவரும் பார்த்தார்கள். மீனம்மாள் பாயைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"இப்பத்தான பெத்துருக்க. கொஞ்சம் சாஞ்சு படுக்கா."

அன்று மத்தியானம், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கும் பால்சுறாப் புட்டு இரண்டு தட்டில் வந்தது.